பழைய படகு வாங்கப் போகிறீர்களா? பிடிவாதக்கார உரிமையாளருடன் பேரம் பேசுவது எப்படி

லொறியோ வேனோ வாங்கப் போகும்போது நமது வியாபாரிகள் எவரும் தனியே போவதில்லை. தெரிந்த பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், போனட்டைத் திறந்து பார்த்து, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, லீசிங் இருக்கிறதா என்று விசாரித்த பின்னர்தான் வாயில் ஒரு விலை வரும். ஆனால் படகு என்று வந்துவிட்டால் இதே வியாபாரிகள் வேறு மனிதர்களாகி விடுகிறார்கள். கரையில் இழுத்து வைத்திருக்கும் படகைச் சுற்றி ஒருமுறை நடந்து, புதுப் பெயின்டைப் பார்த்து, உரிமையாளர் சொல்லும் கதையையும் கேட்டு, அன்று மாலையே அட்வான்ஸையும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அரிசி, சீனி, துணி விலையில் ஐந்து ரூபா விடாதவர்கள் இலட்சக் கணக்கில் இழப்பது இங்குதான்.

பழைய படகுகளுக்கான கேள்வி அண்மைய ஆண்டுகளில் கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கியபோது 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. என்ஜின், உதிரிப்பாகம், பைபர் வேலைக்கான ரெசின் என எல்லாமே இறக்குமதிப் பொருட்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. புதிய என்ஜின் வாங்குவது சாதாரண மீனவருக்கு எட்டாக்கனியாகியதும் எல்லோரது பார்வையும் பழையவற்றின் பக்கம் திரும்பியது. கல்முனை, சாய்ந்தமருது, கிண்ணியா, மூதூர், கற்பிட்டி, பேருவளை போன்ற ஊர்களில் கடை வைத்திருக்கும் பலர் கையிலிருக்கும் காசைப் படகில் போட்டு, பங்குக்கு ஆள் விட்டுத் தொழில் செய்ய விரும்புகிறார்கள். கடலுக்கே போகாத இவர்கள்தான் பிடிவாதக்கார உரிமையாளரிடம் அதிகம் அகப்படுகிறார்கள்.

பிடிவாதக்காரர் என்றதும் மோசடிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். மோசடிக்காரர் பெரும்பாலும் இனிக்க இனிக்கப் பேசுவார். முகம் சுளித்து, "இந்த விலைக்கு முடியுமெண்டா எடுங்க, இல்லாட்டி போங்க" என்பவர் அநேகமாக நேர்மையான மனிதராகவே இருப்பார். பத்து வருடமாக அவரது வீட்டுக்குச் சோறு போட்ட படகு அது. மகளின் கல்யாணச் செலவும் அதிலிருந்துதான் வந்திருக்கும். சென்ற வருடம் பைபர் ஒட்டச் செலவழித்தது, புதுப் புரப்பெல்லர் போட்டது என்று ஒவ்வொன்றும் அவரது மனக்கணக்கில் இருக்கும். வாங்குபவருக்கோ இவை எதுவும் தேவையில்லை. இன்று இந்தப் படகு எவ்வளவு பெறும் என்பதே அவரது கேள்வி. இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றோடொன்று மோதுவதைத்தான் நாம் பிடிவாதம் என்கிறோம்.

விற்பதற்கான காரணம்

பேரத்தின் பாதி படகைப் பார்ப்பதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. ஏன் விற்கிறார் என்பதை முதலில் விசாரியுங்கள். அவரிடம் மட்டும் கேட்டால் போதாது. பக்கத்து வாடியில் கேளுங்கள், ஐஸ் விற்பவரிடம் கேளுங்கள், முக்கியமாக அவரிடம் மீன் எடுக்கும் முதலாளியிடம் கேளுங்கள்.

இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நமது கரையோரங்களில் மீன் முதலாளி முற்பணம் கொடுப்பதும், அதற்காகப் பிடிபடும் மீனை அவருக்கே கொடுப்பதும் நீண்டகால வழக்கம். இந்தக் கடனுக்குப் பெரும்பாலும் பத்திரம் இருக்காது, பதிவும் இருக்காது. படகை வாங்கிய மறுவாரம் முதலாளி வந்து, "அந்தாள் எனக்கு மூன்று இலட்சம் தரவேண்டும், படகு கரையை விட்டுப் போகாது" என்று நின்றால் சட்டப்படி அவருக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, ஊரில் உங்கள் தொழில் நின்றுவிடும். ஆகவே அவரை முன்கூட்டியே சந்திப்பது அவசியம். உரிமையாளரின் அவசரம் எவ்வளவு என்பதும் அங்குதான் தெரியவரும்.

அடுத்தது காலம். கிழக்கில் வாடைக்காற்று தொடங்கினால், அதாவது நவம்பர் அளவிலிருந்து சில மாதங்களுக்குச் சிறிய படகுகள் பல நாட்கள் கரையிலேயே கிடக்கும். மேற்கில் இதற்கு நேர்மாறு. மே முதல் செப்டெம்பர் வரை அங்கு கடல் கொந்தளிப்பானது. எனவே கற்பிட்டியில் ஏப்ரல் கடைசியில் கேட்கும் விலையும் ஒக்டோபரில் கேட்கும் விலையும் ஒன்றாக இராது. தொழிற்காலம் தொடங்கும் வாரத்தில் போய்ப் பேரம் பேசுபவர், பெருநாளைக்கு முதல்நாள் இரவு துணி வாங்கப் போவதைப் போன்றவர். பருவம் முடிந்து படகு கரையேறும் நேரமே வாங்குபவருக்கு வாய்ப்பானது. ஆனால் அப்போது வாங்கினால் சில மாதங்களுக்கு வருமானம் வராது என்பதையும் கணக்கிற் கொள்ள வேண்டும்.

இன்னொரு விடயம், வாப்பாவின் பெயரில் இருக்கும் படகு. வாப்பா மௌத்தாகி விட்டார், மூத்த மகன் ஓட்டுகிறார், அவரே விலை பேசுகிறார். ஆனால் அதில் உம்மாவுக்குப் பங்கு இருக்கிறது, சகோதரிகளுக்கும் பங்கு இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் மகன் எவ்வளவு பிடிவாதமாக இருந்தாலும் அவருடன் மட்டும் பேசுவதில் பயனில்லை. சில வேளைகளில் அவரது பிடிவாதத்திற்கே காரணம் வீட்டில் உள்ளவர்கள் சொல்லி அனுப்பிய விலையாக இருக்கும். வாரிசுகள் அனைவரும் எழுத்தில் சம்மதித்த பின்னர் வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வருவதே நல்லது.

படகைப் பார்க்கும் நாள்

படகு தெரிந்த பாஸ் ஒருவரை, வெளியூர்க்காரராகப் பார்த்துக் கூட்டிச் செல்லுங்கள். உள்ளூர்க்காரர் உரிமையாளரின் முகத்துக்கு அஞ்சி உண்மையைச் சொல்லத் தயங்குவார். பகலில் போங்கள். படகு ஈரமாக இருக்கும்போதும் பார்க்க வேண்டாம், ஈரம் சிறிய வெடிப்புகளை மறைத்துவிடும்.

பைபர் படகில் முதலில் பார்க்க வேண்டியது என்ஜினைப் பூட்டும் பின்பலகை. வெளியில் பைபர், உள்ளே பலகை. திருகாணி போட்ட துளைகளால் தண்ணீர் உள்ளே போய்ப் பலகை உக்கிவிட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. என்ஜினைச் சற்று உயர்த்தி, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பின்பலகையும் சேர்ந்து அசைந்தால், அல்லது மூலைகளில் வெடிப்பு விரிந்தால், பெரிய வேலை காத்திருக்கிறது. பிறகு படகின் உடலைச் சிறிய மரச்சுத்தியலால் இடத்துக்கு இடம் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் சத்தம் இறுக்கமாகக் கேட்கும். பைபர் அடுக்குகள் பிரிந்த இடத்தில் மந்தமாகக் கேட்கும். ஒரேயொரு இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் அங்கே இரண்டு தடவை தட்டுங்கள்.

வயதையும் கேளுங்கள். 2004 சுனாமிக்குப் பின்னர் 2005, 2006இல் உதவி நிறுவனங்களின் பணத்தில் அவசர அவசரமாக ஏராளமான பைபர் படகுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவற்றில் பல தரம் குறைந்தவை என்று உலக உணவு விவசாய அமைப்பு அக்காலத்திலேயே எச்சரித்தது. எல்லாம் மோசமானவை என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் காலத்துப் படகென்றால் அடிப்பாகத்தின் தடிப்பையும், மணலில் இழுத்து இழுத்துத் தேய்ந்த இடங்களையும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

என்ஜின் விடயத்தில் ஒரு சிறிய சோதனை. நீங்கள் போய்ச் சேர்ந்ததும் பேச்சைத் தொடங்குவதற்கு முன் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் இலகுவாக ஸ்டார்ட் ஆகாத என்ஜினாக இருக்கலாம். தேநீர் குடித்துக் கதைத்துக்கொண்டு ஆறும் வரை இருங்கள். மண்ணெண்ணெய் என்ஜின் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகிப் பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். மாறும்போது திணறுகிறதா என்று பாருங்கள். கீழ்ப்பகுதியின் கியர் ஒயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால் அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது என்று அர்த்தம். சிலிண்டர்களின் அமுக்கத்தைக் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளவு எவ்வளவு என்பதை விட, ஒரு சிலிண்டருக்கும் மற்றதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்பதே முக்கியம். என்ஜினில் பொறித்துள்ள இலக்கத்தைக் குறித்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

பிறகு கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். "எண்ணெய் விக்கிற விலையில சும்மா ஓட்ட ஏலாது" என்பார். நியாயமான பேச்சுத்தான். எண்ணெய்ச் செலவை நீங்களே கொடுப்பதாகச் சொல்லுங்கள். அரை மணித்தியாலமாவது ஓடட்டும், முழு வேகத்திலும் ஓடட்டும். குளிரூட்டும் தண்ணீர் பின்னால் ஒரே சீராகப் பீய்ச்சுகிறதா, படகின் உள்ளே தண்ணீர் சேர்கிறதா என்று பாருங்கள். செலவைக் கொடுத்தும் ஓட்டிக் காட்ட மறுக்கிறார் என்றால் அந்தப் படகில் விலை பேச ஒன்றும் இல்லை.

பலநாள் படகு வாங்குபவர்களுக்கு இன்னும் ஒரு கவனிப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் நமது மீனுக்குத் தடை விதித்து 2016இல் நீக்கிய கதை பலருக்கு நினைவிருக்கும். ஆழ்கடலுக்குப் போகும் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது அந்தப் பின்னணியில்தான். கருவி வேலை செய்கிறதா, ஆழ்கடல் அனுமதிப்பத்திரம் நடைமுறையில் உள்ளதா, எல்லை தாண்டிய வழக்கு ஏதும் படகின் மீது இருக்கிறதா என்பதைத் துறைமுகத்திலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

விலை பேசும் நேரம்

ஒரு கணக்கை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 19 அடிப் படகு, 25 குதிரைவலு என்ஜின். உரிமையாளர் ஒன்பது இலட்சம் கேட்கிறார். அதே கரையில் அதே அளவான நல்ல நிலையிலுள்ள படகுகள் எட்டரை இலட்சத்துக்குக் கைமாறியிருக்கின்றன. பாஸின் மதிப்பீட்டின்படி பின்பலகைக்கு 85,000, என்ஜினின் ரிங் வேலைக்கு 60,000, கீழ்ப்பகுதி சீலுக்கு 15,000. மொத்தம் 160,000 ரூபா. ஆகவே இந்தப் படகின் இன்றைய பெறுமதி ஆறு இலட்சத்துத் தொண்ணூறாயிரம். உங்களது உச்ச எல்லை ஏழேகால் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். கரையில் நின்று முடிவு செய்யும் எல்லைக்கு எல்லை என்ற பெயர் பொருந்தாது.

ஆரம்பத்தில் ஆறரை என்று சொல்லலாம். மூன்று இலட்சம் என்று தொடங்குவது சிலரது பழக்கம். சந்தையில் தக்காளிக்கு அது சரிவரும். படகுக்காரரிடம் அது அவமானமாகப் போய்ச் சேரும், அதன் பின்னர் நீங்கள் எட்டு இலட்சம் சொன்னாலும் தர மாட்டார்.

குறையை எப்படிச் சொல்வது என்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். கரையில் பத்துப் பேர் கூடி நிற்கும்போது, "பின்பலகை உக்கிப் போயிருக்கிறது" என்று சத்தமாகச் சொன்னால் உரிமையாளரால் இறங்கிவர முடியாது. ஊரார் முன்னிலையில் அவரது படகும் அவரது பெயரும் ஒன்றுதான். அவரைத் தனியே அழைத்துச் செல்லுங்கள், அல்லது மறுநாள் வீட்டுக்குப் போங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

"தம்பி, இந்தப் படகுக்குக் குறை சொன்ன முதலாவது ஆள் நீங்கதான்."

"காக்கா, குறை சொல்ல வரல்ல. இவ்வளவு காலம் ஓட்டின உங்களுக்குத் தெரியாததா? பாஸ் ஒரு கணக்குத் தந்திருக்கார். வாசிக்கிறன், பிழையெண்டா நீங்களே சொல்லுங்க."

"பலகைக்கு எண்பத்தஞ்சு எடுக்காது. அறுபதுக்குள்ள முடிக்கலாம்."

"சரி காக்கா, அறுபதெண்டே போடுவம்."

இங்கே என்ன நடந்தது? பலகை பழுது என்பதை அவரே ஏற்றுக்கொண்டு விட்டார். இனிப் பேச்சு பழுது இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றியது அல்ல, எவ்வளவு என்பதைப் பற்றியது. 25,000 ரூபாவை விட்டுக்கொடுத்து நீங்கள் பெற்றது அதை விடப் பெரியது. விலையைச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டிருக்கவும் பழக வேண்டும். நமது ஆட்கள் ஆறரை என்று சொல்லிவிட்டு, அவர் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தால் தாங்க முடியாமல், "சரி, ஆறே முக்கால்" என்று தாங்களே ஏற்றிவிடுகிறார்கள்.

"நேற்றுப் புத்தளத்திலிருந்து ஒருவர் பத்து இலட்சம் கேட்டுவிட்டுப் போனார்" என்ற பேச்சும் வரும். பொய் என்று சண்டைக்குப் போக வேண்டாம். "நல்ல விலை காக்கா, அவருக்கே குடுங்க. அவர் வராட்டி எனக்கொரு கோல் எடுங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் என்ட விலை இரிக்கும்" என்று சொல்லிவிட்டு எழும்புங்கள். உண்மையில் ஒருவர் கேட்டிருந்தால் உங்களுக்கு அந்தப் படகு சரிவராது. கேட்டிருக்காவிட்டால் வெள்ளிக்கிழமைக்கு முன் தொலைபேசி அடிக்கும். 1981இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் பிஷரும் வில்லியம் யூரியும் பேரம் பற்றி எழுதிய நூல் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. அதில் அவர்கள் வலியுறுத்தும் விடயங்களில் ஒன்று, இந்தப் பேச்சு முறிந்தால் உங்களுக்கு வேறென்ன வழி இருக்கிறது என்பதை முதலில் தேடிக்கொள்ள வேண்டும் என்பது. ஆகவே ஒரு படகை மட்டும் பார்த்துவிட்டுப் பேரத்துக்குப் போகாதீர்கள். இரண்டு, மூன்றைப் பார்த்துவிட்டுப் போனால் உங்கள் குரலே வேறாக இருக்கும்.

தரகரைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலையில் நூற்றுக்கு இவ்வளவு என்று தரகு பேசினால் விலை கூடக் கூட அவருக்கு இலாபம். உங்களுக்காக அவர் ஏன் குறைக்கப் போகிறார்? தரகை ஒரு நிலையான தொகையாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வாக்கு மாறுபவர்

எல்லாரையும் விடச் சிரமமானவர், ஏழு இலட்சத்துக்குச் சம்மதித்துவிட்டு மறுநாள் ஏழரை என்பவர். அல்லது விலை ஏழுதான், ஆனால் நங்கூரமும் எண்ணெய்த் தாங்கியும் அதில் அடங்காது என்பவர். இவருக்கு மருந்து கடுதாசிதான். சம்மதித்த அந்த இடத்திலேயே, விலை, முற்பணம், மிகுதி கொடுக்கும் திகதி, படகின் பதிவிலக்கம், என்ஜின் இலக்கம், கூடவரும் சாமான்கள் ஒவ்வொன்றின் பெயர், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் இரண்டு சாட்சிகளும் ஒப்பமிடுங்கள். கடன், அடகு, வழக்கு எதுவும் இல்லை என்று அவர் சொல்வதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, விதிவிலக்குகள் சில இருந்தாலும், வாங்குபவர் தானே பார்த்து வாங்க வேண்டும் என்பதே பொதுவான நிலைப்பாடு. விற்பவர் எழுத்தில் கொடுத்த உறுதி கையில் இருந்தால் நிலைமை வேறு.

முற்பணம் சிறியதாக இருக்கட்டும். பெரிய முற்பணம் கொடுத்தவரின் கை கட்டப்பட்டு விடுகிறது. வாக்கு மாறினால் கோபப்படாமல் முற்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதன் பிறகும் படகு வேண்டும் என்றால் இருவரும் மதிக்கும் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அந்தத் தாளைக் கொண்டுபோகலாம். பெரியவர் முன்னால் ஏழரை என்று சொல்ல அநேகருக்கு நா எழாது.

மிகுதிப் பணத்தை ஒரே தடவையில் கரையில் வைத்து எண்ணிக் கொடுக்க வேண்டாம். மீன்பிடிப் படகுகளின் பதிவு 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் வருவது. உங்கள் மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் படகு யாருடைய பெயரில் இருக்கிறது, அடகு ஏதும் இருக்கிறதா, அனுமதிப்பத்திரம் எந்தத் திகதி வரை என்பதை முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே கேட்டுப் பார்க்கலாம். படகில் எழுதியுள்ள இலக்கத்தையும் புத்தகத்திலுள்ள இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓ.எப்.ஆர்.பி. என்று தொடங்குவது வெளியே என்ஜின் பூட்டும் பைபர் படகு, ஐ.எம்.யூ.எல். என்று தொடங்குவது பலநாள் படகு. கடைசி எழுத்துக்கள் எந்த மாவட்டத்தில் பதிவானது என்பதைச் சொல்லும். வேறு மாவட்டத்துப் படகாக இருந்தால் மாற்றத்துக்கு அங்கும் இங்கும் அலைய வேண்டியிருக்கும், அந்த அலைச்சலையும் செலவையும் யார் ஏற்பது என்பதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு பகுதியை, உதாரணத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாவை, பதிவு மாற்றம் முடியும் வரை கையில் வைத்துக்கொள்வதாக முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. உரிமையாளர் முணுமுணுப்பார். அந்தப் பணத்தை அவருக்கும் உங்களுக்கும் பொதுவான ஒருவரிடம் ஒப்படைப்பதாகச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார். மாற்றத்துக்கான பத்திரங்களில் அவர் ஒப்பமிட அலுவலகத்துக்கு வரும் நாளில், அந்த ஐம்பதாயிரத்தையும் கொண்டு வரச்சொல்லி அங்கேயே கொடுத்துவிடலாம்.